கறி வாளி பிடித்தவர்

எங்கள் சபையில் ஒரு வாளிக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. வெளியாள் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராஜபாளையத்தில் எங்கள் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருஷா வருஷம் அசனம் போடுவோம். ஆராதனை முடிந்ததும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, தரையில் பாய் விரித்து, யார் வந்தாலும் உட்காரவைத்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போடுகிற விருந்துதான் அசனம். மில் முதலாளியானாலும் சரி, மூட்டை தூக்குகிறவரானாலும் சரி, எல்லோருக்கும் ஒரே தரை, ஒரே குழம்பு.

அந்தக் குழம்பை யார் ஊற்றுவது என்பதில்தான் எங்கள் ஆட்களின் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது வாலிபர் சங்கத்து வேலை. ரச வாளி பிடிக்கிறவர் சபைக்குப் புதிதாக வந்தவராக இருப்பார், இல்லையென்றால் கமிட்டித் தேர்தலில் தோற்றவராக இருப்பார். சோற்றுப் பெட்டி தூக்குகிறவர்கள் கொஞ்சம் மேலே. கறி வாளி இருக்கிறதே, அது பதவி. எங்கள் சபை சின்னது, கறி வாளி ஒன்றே ஒன்றுதான். அதைப் பிடிக்க எத்தனை பேர் எத்தனை வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார் என்று வருஷம் தவறாமல் பிரசங்கம் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, அந்தத் துண்டை யார் கட்டுவது என்று சண்டை போடுகிறோம். கர்த்தருக்கே அடுக்குமா இது?

அந்த வாளியை முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார் என்றார்கள். என் அப்பா அசையவில்லை. அவிய வீட்டுலதான் அசனத்துக்குக் கறி வாளி பிடிக்கிறாவ என்று கூட வந்தவர் சொன்னதும், எழுந்து உள்ளே வந்து காப்பி போடச் சொன்னார். பட்டாளத்தில் எந்த ஊரில் இருந்தாலும் என் வீட்டுக்காரர் பண்டிகைக்கு லீவு போட்டு வந்துவிடுவார். ஓய்வு பெற்று மில்லில் டைம் ஆபீஸ் வேலைக்குப் போனபோதும் அப்படித்தான். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி என்று அவர் குனிந்து குனிந்து வருவதைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதாது. இலைக்கு வெளியே ஒரு சொட்டு விழாது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். என் இலைக்கு வரும்போது மட்டும் யாரோ தெரியாத ஆளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நல்ல கறியாகப் பார்த்து ஊற்றுவார்.

போன வருஷம் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காப்பி டம்ளர் தட்டில் மோதி சத்தம் போட்டது. நான் குளிர் என்று நினைத்தேன். ராஜபாளையத்தில் என்ன குளிர்? பிறகு சட்டைப் பித்தான் போட முடியவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். நடுக்குவாதம், மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார் டாக்டர். மாத்திரை போட்டோம். கை அதன் போக்கில்தான் இருந்தது. சாப்பிடும்போது சோறு பாதி தட்டிலும் பாதி மடியிலும் விழும். அதனால் வீட்டில் வேறு யாரும் இருந்தால் அவர் சாப்பிட உட்கார மாட்டார்.

பண்டிகை நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகப் பின்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. நான் நைட்டி தைத்துக் கொடுக்கிற தொழில் செய்கிறேன், தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்குச் சரக்குப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரமே எழுந்திருந்தேன். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டில் இருந்த தட்டுகளையெல்லாம் எடுத்துக் கொல்லையில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார் மனுஷன். கையில் வாளி நிறையத் தண்ணீர். குனிகிறார், கரண்டியால் மொண்டு தட்டில் ஊற்றுகிறார். பாதி வெளியே சிந்துகிறது. மறுபடி ஊற்றுகிறார், மறுபடி சிந்துகிறது. கடைசித் தட்டு வரை போய்விட்டு, திரும்ப முதல் தட்டுக்கு வருகிறார். பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த கை அது. நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. தட்டெல்லாம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பூனை தள்ளிவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் மைக்கைப் பிடித்து அசன வேலைகளை வாசித்தார். கறி வாளி என்று சொல்லிவிட்டு வேறொருவர் பெயரை வாசித்தார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி போட்டிருக்கிற ஒருவரின் மகன் அவன், எங்களுக்கும் தூரத்து உறவு, என்னைச் சித்தி என்பான். என் வீட்டுக்காரர் பெயரும் வந்தது, கடைசியில். பந்தி ஆலோசகராம்! அப்படி ஒரு வேலை எங்கள் சபையில் அதற்கு முன் இருந்ததே இல்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். நடுங்குகிற கையை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் செயலாளரை மறித்துவிட்டேன்.

"என்னய்யா ஆலோசகர்? குழம்பு ஊத்த என்ன ஆலோசனை வேணும் உமக்கு?"

"அக்கா, சத்தம் போடாதீங்க. அண்ணாச்சி கை இருக்குற இருப்புக்கு, அன்னைக்கு வார பெரிய ஆளுக மடியில ஊத்திட்டா யாருக்கு அசிங்கம்? அண்ணாச்சிக்குத்தான அசிங்கம்? அவிய மரியாதைக்காகத்தான் சொல்லுதேன்."

"ஊத்தினா தொடச்சுட்டுப் போறாங்க. முப்பது வருசம் ஊத்துன கைக்கு நீரு குடுக்குற மரியாதையா இது? நல்லா இருக்கும் ஓய் உம்ம சபை!"

இன்னும் என்னென்னவோ பேசினேன். ஆண்கள் எல்லோரும் செருப்பைத் தேடுகிறவர்களைப் போலக் குனிந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் வந்து, "விடு ஏட்டி, போவோம்" என்று முன்னால் நடந்துவிட்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பண்டிகைக்கு நான் வரவில்லை, நீ மட்டும் போ என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். நீங்க வராட்டி நான் மேடையில ஏறி மைக்கப் பிடிச்சுருவேன் என்று மிரட்டினேன். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும், செய்தாலும் செய்வேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பந்தியில் கடைசி வரிசையில்தான் உட்காருவேன், அங்கேதான் நான் சிந்துறத ஒருத்தரும் பாக்க மாட்டாவ, நீயும் என் பக்கத்துல உக்காந்து மறைச்சுக்கிடணும் என்றார். அப்படிக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டாரே!

பண்டிகை அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்கவே வேண்டாம், துண்டும் தண்ணீரும்தான். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம், நல்லவர். பெரியவனாக இருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்க வேண்டும் என்று அவர் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது, முன்பெஞ்சில் அந்தப் பையன் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தலுக்குள் நுழைந்ததும், ஆலோசகர் அண்ணாச்சி இங்க வாங்க, ஐயர் பக்கத்துல இடம் போட்டிருக்கோம் என்று கூப்பிட்டார்கள். இவர் காது கேட்காததுபோல நேரே பின்னால் போனார். நான் அவருக்குப் பின்னால் போனேன். எங்கள் கோயில் பந்தலின் கடைசியை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். பந்தல் துணி அங்கே முடிந்துபோகிறது, முதுகில் வெயில் அடிக்கிறது, பக்கத்தில் தண்ணீர் டிரம், கை கழுவுகிற இடத்துச் சேறு. முன்னால் ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருவார்கள், அங்கே அந்தக் கணக்கும் இல்லை. வ. புதுப்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள், எங்கள் சபையிலேயே கடைசி பெஞ்சில் உட்காருகிற குடும்பங்கள். எனக்கு அடுத்த இலையில் ஒரு பெண் இருந்தாள். நகராட்சியில் தெருக்கூட்டுகிற வேலை அவளுக்கு, எங்கள் தெருவுக்கும் அவள்தான் வருவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வருவாள். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள்.

"சார், நீங்க ஏன் இங்க வாரீங்க? வெயிலு மண்டையப் பொளக்கும். முன்னால போங்க சார்."

"இருக்கட்டும்மா. உக்காரு" என்றார் இவர்.

சோறு வந்தது. குழம்பு வரவில்லை. முன்னால் வாளி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஐயர் இலை முன்னால் ஒரு போட்டோ, முதலாளிமார் இலை முன்னால் ஒரு போட்டோ. கறியைத் தேடித் தேடி மொண்டு, போதுமா மாமா, இன்னும் கொஞ்சம் என்று உபசாரம் வேறு. எங்கள் இலையில் சோறு காய்ந்து வெடித்துப்போன பிறகு அவன் வந்தான். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, ஓட்டமும் நடையுமாக இலைக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டே போனான். என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தேன். சாறு. சாறும் ஒரு கத்தரிக்காய்த் துண்டும். என் இலையில் அந்தக் கத்தரிக்காயும் இல்லை. விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன், ஒரு எலும்பு கூட அகப்படவில்லை.

வாளியைப் பிடுங்கியது போதாது என்று, இலையிலும் இப்படிச் செய்வானா ஒருத்தன்? எழுந்துவிட்டேன்.

"ஏலே, நில்லுலே! என்ன ஊத்தியிருக்க? உன் சித்தப்பா இலையில என்ன ஊத்தியிருக்கன்னு வந்து பாருலே!"

அவன் திரும்பினான், முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ சித்தி! நீங்க இங்கயா உக்காந்திருக்கீங்க? சத்தியமா கவனிக்கல சித்தி. செத்த இருங்க, உங்க ரெண்டு பேருக்கும் கறி எடுத்துட்டு வாரேன்" என்று வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினான்.

"வேணும்னே செஞ்சிட்டு நடிக்கான் பாரு" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இலைப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அந்தத் தம்பிய ஏசாதீங்க. அது மேல தப்பில்ல. இங்க வாரதுக்குள்ள கறி தீந்துரும்க்கா."

"அதெப்படித் தீரும்? இத்தன வருசமா தீராத கறியா?"

"எல்லா வருசமும் அப்படித்தானக்கா. இங்கன எப்பவும் சாறுதான்."

எனக்கு அவள் சொன்னது மண்டையில் ஏறவில்லை. "எப்பவுமா? சார் ஊத்துறப்போ கூடவா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். குத்திக்காட்டுகிற சிரிப்பாக இருந்தாலாவது நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அது நிஜமான பிரியத்தோடு சிரித்த சிரிப்பு. "சார் ஊத்துறப்பவும் கறி இருக்காது. ஆனா சார் மனசு வேற. சாறு நெறைய ஊத்துவாரு, இலை கொள்ளாம ஊத்துவாரு. நாங்க எல்லாம் சொல்லிக்கிடுவோம்க்கா."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா காப்பி போடச் சொன்ன வாளி. நான் ஊரெல்லாம் பெருமை பேசிய வாளி. அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் அந்தச் சாற்றுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை ஆடியது, சோறு சட்டையில் விழுந்தது, மடியில் விழுந்தது. என்னை மறைத்துக்கொள்ளச் சொன்னவர், நான் மறைக்க மறந்துபோனதைக் கூடக் கவனிக்கவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அதற்குள் அந்தப் பையன் ஒரு கிண்ணம் நிறையக் கறியோடு மூச்சிரைக்க வந்து நின்றான். "சித்தப்பா, இந்தாங்க, நல்ல கறி."

"கொப்பரையில இருக்கா இன்னும்?"

"கொப்பரையில அடிச் சாறுதான் சித்தப்பா கெடக்கு. இது தூக்குச்சட்டிக்கு எடுத்து வச்சதுல இருந்து எடுத்தேன்."

இவர் எழுந்து, கையில் தண்ணீரை ஊற்றி உதறிக்கொண்டே, சமையல் நடக்கிற கொட்டகைக்குப் போனார். அங்கே ஒரு பெஞ்சில் தூக்குச்சட்டிகள் வரிசையாக, மூடி போட்டு, கறி நிறைந்து இருக்கும். ஐயர் வீட்டுக்கு, கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு, வாளி பிடிக்கிறவர் வீட்டுக்கு. எங்கள் சட்டியும் அதில் ஒன்று, காலையிலேயே நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். வாளி போனாலும் சமையல்காரர் பழக்கத்தில் நிரப்பிவைத்திருந்தார். அது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டிய சட்டி. மடவார் வளாகத்தில் இருக்கிற என் மகளுக்கு ஏழாம் மாசம். அசனக் கறி வேணும்மா, நாக்கு கேக்குது என்று ஒரு வாரமாக போனில் அரித்துக்கொண்டிருந்தாள். இவர் போய் அந்தச் சட்டியைத் தூக்கினார்.

"ஏங்க, அது பிள்ளைக்கு! மாசமா இருக்கிற பிள்ளைக்கு!" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் நிற்கவில்லை. கடைசி வரிசைக்கு வந்து, மூடியைத் திறந்து தரையில் வைத்தார், பையன் விட்டுப்போன வாளியிலிருந்து கரண்டியை எடுத்தார்.

கரண்டி சட்டியில் படபடவென்று அடித்த சத்தத்தில் முன்வரிசை வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் இலையில் ஒரு கறித் துண்டு விழுந்தது, குழம்பு அந்த ஆளுடைய முழங்காலில் விழுந்தது. மீதி இவர் சட்டையில். யாரோ செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கடைசி வரிசைக்கு ஓடிவந்த மனுஷன், அத்தனை பேர் பார்க்க அங்கே நின்று சிந்திக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டியைப் பிடுங்குவதா, அவரைப் பிடித்து உட்காரவைப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, என்ன வேல பாக்கீங்க? குடுங்க, பசங்க ஊத்துவானுக. எல்லாரும் பாக்காவ அண்ணாச்சி."

"பாக்கட்டும்" என்றார் இவர். அடுத்த இலைக்கு நகர்ந்தார். கரண்டி இன்னும் மோசமாக ஆடியது.

அப்போது அந்தத் தெருக்கூட்டுகிற பெண் எழுந்தாள். சாப்பிட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் பிடிச்சுக்கிடுதேன் சார். நீங்க ஊத்துங்க."

அவள் கையால் எங்கள் சபையில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஒரே தரையில் உட்காருகிறோம் என்று பெருமை பேசுகிற சபை. அவள் பிடித்ததும் கை ஓரளவு நின்றது. ஒரு இலை, அடுத்த இலை என்று இரண்டு பேருமாகப் போனார்கள். சட்டியை வேறு அவரால் தூக்க முடியவில்லை என்பதைப் பார்த்து, நான் போய் வாங்கிக்கொண்டேன். மனசோடுதான் வாங்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு துண்டு விழும்போதும் என் மகள் முகம்தான் கண்ணில் வந்தது.

இலைக்கு ஒரு துண்டு என்று போட்டும், வரிசை முடிவதற்குள் சட்டி காலியாகிவிட்டது. அந்தப் பையன் கிண்ணத்தையும் கொடுத்து, போய் அவன் வீட்டுத் தூக்குச்சட்டியையும் கொண்டுவந்து வைத்தான், ஒருத்தரும் சொல்லாமலே. அவன்மேல் இருந்த கோபம் எனக்கு அந்த நிமிஷமே போய்விட்டது. ஐயர் வீட்டு அம்மாவும் தங்கள் சட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். செயலாளர் அவருடைய சட்டியைக் காரில் கொண்டுபோய் வைத்துப் பூட்டியதையும் நான் பார்த்தேன். அதை அவரிடம் கேட்காமல் விடமாட்டேன். அன்றைக்கு மட்டும் எனக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். மடியில் கழுவிய தூக்குச்சட்டி. மகள் போன் போட்டு, அம்மா கறி வருதா என்றாள். நாங்க வாரோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டை நெடுகக் குழம்புக் கறை, மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று அதோடேயே வந்திருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. தெரியாமல் நடந்த ஒன்றுக்காக மனுஷன் உள்ளுக்குள் கிடந்து மருகுகிறாரே என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன்.

"மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. குனிஞ்ச தல நிமிராம ஊத்திக்கிட்டே போறவியளுக்கு, கடைசி இலையில கறி விழுந்துச்சா சாறு விழுந்துச்சான்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சா விட்டிருப்பீங்களா?"

அவர் சட்டையில் இருந்த குழம்புக் கறையைத் தடவிப் பார்த்தார்.

"தெரியும் ஏட்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"அங்க போகும்போது கறி இருக்காதுன்னு. வாளி பிடிக்கிறவனுக்கு வாளியில என்ன கெடக்குன்னு தெரியாமயா இருக்கும்? அதுக்குத்தான சாற நெறைய ஊத்துனேன்."

பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று கூட நினைத்தேன். "எம்புட்டு வருசமாத் தெரியும்?" என்று கேட்டேன்.

"மொதல் வருசத்துல இருந்து. எங்க அப்பாவும் அப்படித்தான் ஊத்துனாரு."

"அப்போ ஒரு நாள் கூட உங்களுக்கு ஒண்ணும் தோணலயா?"

அவர் என் பக்கம் திரும்பினார். மடியில் அந்தக் கை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"இன்னைக்குத்தான ஏட்டி நான் அதத் தின்னு பாத்தேன்."